குதிரை மேல் ஏறிய சாமான்கள்

சிதம்பரத்தில் நடக்கப்போகும் மச்சானின் அறுபதாம் கல்யாணத்துக்குக் குதிரையில்தான் வருவேன் என்று கடலூர் செம்மண்டலம் வைத்திலிங்கம் சொன்னபோது, கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவரும் அதை நம்பவில்லை. வைத்திலிங்கமும் நம்பவில்லை. ஆனால் சொல் வாயை விட்டுப் போய்விட்டது. போன சொல்லைக் கை தட்டித் திரும்பக் கூப்பிடுகிற வழக்கம் அவர் பரம்பரையிலேயே கிடையாது.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு முதலை. வைத்திலிங்கம் நெல்லிக்குப்பத்தில் கரும்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாலிபத்தில் ஒருமுறை குதிரையேறிச் சிதம்பரத்துக்குப் போனாராம். போகிற வழியில் வெள்ளாற்றில் வெள்ளம். குதிரை நீந்திக் கரையேறும்போது அதன் வாலை ஒரு முதலை பிடித்துக்கொண்டது. குதிரைக்கும் தெரியவில்லை, மேலே இருந்தவருக்கும் தெரியவில்லை. சேத்தியாத்தோப்புச் சந்தை வரைக்கும் முதலை வாலைக் கவ்வியபடியே பின்னால் வந்திருக்கிறது. அங்கே இருந்த கூட்டத்தைப் பார்த்ததும் அதற்கே கூச்சம் வந்து வாலை விட்டுவிட்டுத் திரும்பி நடந்ததாம். இந்தக் கதையை அவர் முப்பது வருஷமாகச் சொல்லி வந்தார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் முதலை ஒரு சாண் வளர்ந்தது. 2009 மாசி மாசம் ஒரு காதுகுத்து விருந்தில் சொன்னபோது, பாயசம் வருவதற்குள் அது பந்தியின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் நீண்டுவிட்டது.

பந்தியின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தவர் அவருடைய மனைவி தங்கம்மாளின் அண்ணன் தட்சிணாமூர்த்தி. சிதம்பரத்தில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். பித்தளையைத் தட்டிப் பார்த்தே தரம் சொல்லுகிறவர். மச்சானின் கதையையும் அன்றைக்குத் தட்டிப் பார்த்தார்.

"மச்சான், வைகாசியில எனக்கு அறுபதாங் கல்யாணம். கடலூர்லேர்ந்து குதிரையிலியே வாங்க. வழியில ஒரு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்குங்க. பஸ்சு, காரு எதுலியும் ஏறக் கூடாது. நான் தாலி கட்டறதுக்குள்ள மண்டபத்து வாசல்ல குதிரை மேல ஒக்காந்தபடி வந்து நின்னீங்கன்னா, என் மீசைய எடுத்துடறேன்."

"வரலன்னா?"

"ஒங்க மீசை."

பந்தி முழுக்க மோர் ஊற்றுவதை நிறுத்திவிட்டார்கள். வைத்திலிங்கத்தின் மீசை சாதாரண மீசை இல்லை. அவருடைய மகளைவிட மூத்தது. சனிக்கிழமை தோறும் அதற்குத் தனியாக எண்ணெய்க் குளியல் உண்டு. ஆலையில் ஓய்வு பெற்ற நாளில் சால்வை போர்த்தியவர்கள்கூட மீசை மறையாமல்தான் போர்த்தினார்கள். அப்படிப்பட்டதைப் பணயம் வைத்து, "சரி, வர்றேன்" என்று சொல்லிவிட்டு அவர் மோர் கேட்டார்.

தங்கம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. அறுபதாம் கல்யாணம் என்ற பேச்சு வந்தாலே அவள் ஒன்றும் சொல்லுவதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வைத்திலிங்கத்துக்கு அறுபது ஆனபோது பங்காளி வீட்டில் சாவு, தீட்டு. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்த அப்புறம் வரவே இல்லை. தங்கம்மாள் அதைக் கேட்கவும் இல்லை. யார் வீட்டு அறுபதாம் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் அதை டி.வி. மேல், அவர் உட்காரும் நாற்காலியைப் பார்த்தபடி, நிமிர்த்தி வைத்துவிடுவாள். அவ்வளவுதான். அவரும் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து செய்திகள் கேட்டுப் பழகிக்கொண்டார்.

வைகாசி நெருங்கியது. குதிரைச் சவாரியில் வைத்திலிங்கத்துக்கு இருந்த அனுபவத்தைக் குறைத்துச் சொல்லிவிடக் கூடாது. சின்ன வயசில் திருவிழா ராட்டினத்தில் மரக்குதிரை மேல் உட்கார்ந்திருக்கிறார். அதிலும் வெளிப்பக்கத்துக் குதிரை. அது போதும் என்று நினைத்தார். போதாது என்று நினைத்தது சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மருமகன் எழிலன்தான். குதிரையில் போய்க் கூடாரத்தில் தங்குகிறவர்கள் என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று இன்டர்நெட்டில் தேடி, மூன்று பக்கத்துக்குப் பிரிண்ட் எடுத்து, பாதிச் சாமானையும் வாங்கிக்கொண்டு வந்து இறங்கினான்.

தலைக்கு ஹெல்மெட். முழங்கால் வரைக்கும் பூட்ஸ். திசை காட்டும் கருவி. "வடக்கு எது தெற்கு எதுன்னு தெரியணும் மாமா" என்றான் எழிலன். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் போகிறவனுக்கு இடது கைப்பக்கம் கடல் இருக்கிறது, அது இன்னும் இடம் மாறவில்லை என்று வைத்திலிங்கம் பதில் சொன்னார். அடுத்தது, உள்ளே புகுந்து ஜிப்பை இழுத்துக்கொண்டு தூங்குகிற பை. வெள்ளைக்காரன் ஊரில் பனிமலையில் படுக்கிறவர்களுக்காகச் செய்தது. மைனஸ் ஐந்து டிகிரி வரைக்கும் தாங்குமாம். கத்திரி வெயில் முடிந்தும் முடியாத வைகாசியில், உச்சி நேரத்தில் காக்கை கம்பி மேல் கால் மாற்றி மாற்றி உட்காருகிற கடலூரில், எழிலன் அதைப் பெருமையோடு விரித்துக் காட்டினான். தங்கம்மாள் தொட்டுப் பார்த்துவிட்டு, ரஜாயை எதற்காகப் பையாகத் தைத்தார்கள் என்று மட்டும் கேட்டாள்.

பிரிண்ட் எடுத்த தாளில் கரடியை விரட்டும் மருந்து என்றும் ஒன்று இருந்தது. போகும் வழியில் ஆலப்பாக்கம் பக்கம் கரடி இருப்பதாக யாரும் சொன்னதில்லை. இருந்தாலும் தாளில் போட்டிருக்கிறதே என்று தங்கம்மாள் ஒரு டப்பா மிளகாய்ப்பொடி எடுத்து வைத்தாள். கரடி வராவிட்டால் இட்லிக்கு ஆகும்.

கூடாரம்தான் முதலில் காலை வாரிவிட்டது. அது ஒரு தட்டு அளவுப் பைக்குள் மடங்கிக் கிடந்தது. சும்மா எப்படி இருக்கிறது என்று பார்க்க வைத்திலிங்கம் கூடத்தில் வைத்துப் பையைத் திறந்தார். உள்ளே அடைபட்டிருந்த ஆள் மாதிரி அது ஒரே துள்ளலில் வெளியே பாய்ந்து, நிலைக்கும் சோபாவுக்கும் நடுவே நின்றுகொண்டது. திரும்ப மடக்க மாமனாரும் மருமகனும் இரவு சாப்பாடு வரைக்கும் போராடினார்கள். ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் எழுந்தது. கடைசியில் அது அங்கேயே இருக்கட்டும் என்று விட்டார்கள். அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வரைக்கும் அது கூடத்திலேயே இருந்தது. தங்கம்மாள் அதற்குள் வெங்காயம் கொட்டி வைத்திருந்தாள். பயணத்துக்குக் கரும்பு லாரியில் போடும் பழைய தார்ப்பாய் ஒன்று கிடைத்தது.

குதிரை கிடைத்தது முதுநகர் அந்தோணிசாமியிடம். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரையும் சாரட்டு வண்டியும் வாடகைக்கு விடுகிறவர் அவர். வைத்திலிங்கத்தின் மகள் வெண்மதி கல்யாணத்துக்கு எழிலனைச் சுமந்ததும் அவருடைய குதிரைதான். அதன் பெயர் துரை. வெள்ளைக் குதிரை. துரை போகாத கல்யாணம் அந்த வட்டாரத்தில் இல்லை. அத்தனை கல்யாணத்துக்குப் போன வேறு ஜீவன் ஒன்று உண்டென்றால் அது வாழைமரம்தான். முகூர்த்த நாள் எதுவென்று தெரியாவிட்டால் ஜோசியர்களே வந்து துரை அன்றைக்குக் குளித்திருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்களாம். அந்தோணிசாமி குதிரையோடு ஒரு மூட்டை கொள்ளு, ஒரு கட்டுப் புல், ஒரு வாளி மூன்றையும் கொடுத்தார். தனக்கு அந்த நாட்களில் சாரட்டு வேலை இருப்பதால் கூட வர முடியாது, துரைக்கு வழி தெரியும் என்றும் சொன்னார்.

தங்கம்மாள் கூடப் பிறந்த தங்கை என்கிற முறையில் வெள்ளிக்கிழமையே பஸ்ஸில் சிதம்பரம் போக வேண்டியிருந்தது. போகுமுன் அவளும் மூட்டை கட்டினாள். பித்தளைத் தூக்கில் புளிச்சோறு, இன்னொன்றில் இட்லி, எலுமிச்சை ஊறுகாய், ஒரு குடை, ஒரு ஜமுக்காளம், தைலம், கொசுவத்தி, சோறு காய்ந்து போனால் ரசம் வைக்க ஒரு சட்டி, அண்ணனுக்குச் செய்யும் சீரில் ஐந்து முகக் குத்துவிளக்கு ஒரு ஜோடி. கடைசியாக மாலை விஷயம். அவள் வீட்டு வழக்கப்படி அறுபதாம் கல்யாணத்துக்குத் தம்பதியின் மாலை தங்கை வீட்டிலிருந்து வர வேண்டும். கடலூர்ப் பூக்கடையில் ஒரு ஜோடி ரோஜா மாலைக்குச் சொல்லியாகிவிட்டது. சனிக்கிழமை விடியற்காலையில்தான் கட்டித் தருவார்கள்.

"மாலை வாடக் கூடாது. ஈரத்துணி போட்டு வைங்க. முக்கியமா, யார் தோள்லியும் படக் கூடாது. ஒருத்தர் போட்ட மாலைய எங்கண்ணனுக்குப் போட முடியாது" என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

இதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. வைத்திலிங்கம் சிதம்பரத்துக்குக் குதிரையில் போகிறார் என்ற செய்தி செம்மண்டலத்தில் பரவிய பிறகுதான் நிலைமை கை மீறியது. எங்கள் பக்கத்தில் ஒருவர் ஒரு ஊருக்குப் போகிறார் என்று தெரிந்தால், போகும் வழியில் உறவு வைத்திருக்கும் அத்தனை பேரும் ஏதாவது கொடுத்தனுப்புவார்கள். வேண்டாம் என்று சொல்லுகிறவனை மனுஷ ஜாதியில் சேர்க்க மாட்டார்கள். பஸ்ஸில் போகிறவரென்றால் ஒரு மஞ்சள் பையோடு விட்டுவிடுவார்கள். இவரோ குதிரையில் போகிறவர். அடுத்த வீட்டு மாலதி டீச்சர் ஆலப்பாக்கத்தில் இருக்கும் தங்கைக்குக் கொத்திச் சரிபண்ணிய கிரைண்டர் குழவியைக் கொண்டுவந்து வைத்தார்.

"பஸ்ல ஏத்த மாட்டேங்கறான் மாமா. ஒங்களுக்கென்ன, குதிரைதானே தூக்கப் போவுது."

எதிர்வீட்டுக்காரர் பண்ருட்டியிலிருந்து வந்த பலாப்பழம் இரண்டு கொடுத்தார். புதுச்சத்திரத்து சம்பந்தி வீட்டுக்கு. தெருக்கோடி வீட்டிலிருந்து ஒரு மூட்டை முந்திரிக்கொட்டை வந்தது. இன்னொரு வீட்டார் தையல் மெஷினின் தலையை மட்டும் கழற்றிக் கொடுத்தார்கள். கால் ஏற்கெனவே அது போய்ச் சேர வேண்டிய ஊரில் இருக்கிறதாம்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமல் எல்லாவற்றையும் துரை மேல் ஏற்றினார்கள். இரண்டு பக்கமும் பலாப்பழம். குழவி ஒரு பக்கம் இழுத்ததால் மறுபக்கம் தையல் மெஷின். வெல்வெட் சேணத்தின் மேல் மூட்டைகள், தார்ப்பாய், குத்துவிளக்கு, உச்சியில் குடை. மாலை ஜோடிக்கு மட்டும் வைத்திலிங்கம் யோசித்து ஒரு காரியம் செய்தார். வாழை இலையில் சுற்றி, ஈரத்துணி போர்த்தி, மருமகன் கொடுத்த மைனஸ் ஐந்து டிகிரிப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டார். எல்லாம் முடிந்து தள்ளி நின்று பார்த்தபோது தெருவே ஒன்றைக் கவனித்தது. குதிரை மேல் சகலமும் ஏறியிருந்தது. வைத்திலிங்கம் ஏற இடமில்லை.

"ஊர் எல்லை தாண்டி ஏறிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்து அவர் நடக்கத் தொடங்கினார்.

பந்தயத்தில் பஸ்ஸும் காரும்தான் கூடாது. நடக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அப்படித்தான் அவர் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். பூட்ஸ் முதுநகர் தாண்டும் முன்பே கடித்தது. கழற்றி அதையும் துரை மேல் போட்டார். வெயில் ஏற ஏறப் பலாப்பழம் மணக்க ஆரம்பித்தது. முதலில் ஒரு கிடாரி பின்னால் வந்தது. அப்புறம் நாலைந்து பசுக்கள். ஆலப்பாக்கம் போய்ச் சேரும்போது அவருக்குப் பின்னால் ஒரு மந்தையே வந்துகொண்டிருந்தது. ஒரு லாரிக்காரர் நிறுத்தி, மாடு என்ன விலை என்று கேட்டார். இவை விற்பனைக்கு இல்லை, சும்மா கூட வருகின்றன என்று வைத்திலிங்கம் உள்ளதைச் சொன்னார்.

ஆனால் கொடுத்தனுப்பிய சாமானுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது அங்கங்கே இறங்கிவிடும். ஆலப்பாக்கத்தில் குழவி இறங்கியது. மாலதி டீச்சரின் தங்கை பதிலுக்குக் கருவாடு கொடுத்தனுப்பப் பார்த்தாள். கல்யாணத்துக்குப் போகிறவர் என்று சொல்லித் தப்பினார். முந்திரியும் தையல் மெஷினும் அடுத்தடுத்து இறங்கின. சாயங்காலம் புதுச்சத்திரத்தில் பலாப்பழம் இறங்கியதும் மாடுகள் அந்த வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டன. அந்த வீட்டாரிடம் அவர் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. குத்துவிளக்கையும் சட்டி பானையையும் சிதம்பரம் போகும் ஒரு தெரிந்தவரின் வேனில் ஏற்றினார். சாமான் வேனில் ஏறலாம். அவர்தான் ஏறக் கூடாது.

பொழுது சாய்வதற்குள் ஒரு சவுக்குத் தோப்பில் தார்ப்பாயை இரண்டு மரத்துக்கு நடுவே இழுத்துக் கட்டினார். துரைக்குக் கொள்ளும் தண்ணீரும் வைத்தார். கரடி வராததால் மிளகாய்ப்பொடியில் எண்ணெய் ஊற்றி இட்லியைச் சாப்பிட்டார். கடற்காற்று வந்தது. கால் வலித்தாலும் மனசுக்கு நிறைவாகவே இருந்தது. சேணம் காலியாகிவிட்டது. நாளைக்கு ஏறி உட்கார வேண்டியதுதான் பாக்கி. அந்த நிறைவோடு, இப்போதே ஒருமுறை ஏறிப் பார்த்துவிடலாமே என்று எழுந்து, சேணத்து வளையத்தில் காலை வைத்தார்.

துரை ஒரு அடி தள்ளி நின்றது.

அவரும் தள்ளிப் போய்க் காலை வைத்தார். துரை இன்னொரு அடி தள்ளியது. இப்படியே இருவரும் தோப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். உதைக்கவில்லை, கடிக்கவில்லை. பத்திரிகை இல்லாமல் வந்தவரைப் பார்க்கிற மாதிரி மரியாதையாகப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போயிற்று, அவ்வளவுதான். வைத்திலிங்கம் செல்லை எடுத்து, சிக்னல் கிடைக்கிற மரத்தடியைக் கண்டுபிடித்து அந்தோணிசாமியைக் கூப்பிட்டார்.

"மாமா, மாலை போட்டிருக்கீங்களா?" என்றார் அந்தோணிசாமி.

"எதுக்குய்யா மாலை?"

"சொல்ல மறந்துட்டேன் பாருங்க. அவன் பொறந்ததுலேர்ந்து மாப்பிள்ளையத் தவிர யாரையும் சொமந்ததில்ல. கழுத்துல மாலை இருந்தா எமனைக்கூட ஏத்திக்குவான். இல்லன்னா நான் வளத்தவன், என்னையே ஏத்த மாட்டான். நான் அவன எப்பவும் நடந்துதான் ஓட்டிக்கினு போவேன்."

வைத்திலிங்கம் செல்லைப் பையில் போட்டுவிட்டுத் தூங்கும் பையைப் பார்த்தார். உள்ளே இரண்டு ரோஜா மாலை. ஒருத்தர் தோளில் பட்டால் இன்னொருத்தருக்கு ஆகாத மாலை. தங்கம்மாள் சொன்னது காதில் கேட்டது. கை தானாகப் போய் மீசையைத் தொட்டது. அன்றைக்கு அவர் தூங்கியதைவிட மீசையைத் தடவிக்கொண்டிருந்ததே அதிகம்.

விடிந்ததும் முதல் காரியமாக வேறு மாலை தேடிப் போனார். முகூர்த்த நாள். புதுச்சத்திரத்தில் இருந்த பூவெல்லாம் விடிவதற்கு முன்பே கல்யாண வீடுகளுக்குப் போயிருந்தது. கோழிக்கொண்டைப் பூவில் ஒரு மாலை மிச்சம் இருந்தது. அதை வாங்கிப் போட்டுப் பார்த்தார். துரை கழுத்தை நீட்டி மோந்து பார்த்தது. ஒரு வாய் கடித்தது. இரண்டாவது வாயில் மாலை முடிந்தது. நல்ல இடத்துக் கல்யாணமாகவே பார்த்துப் பழகிய குதிரை.

வேறு வழியில்லை. அவர் ஜிப்பைத் திறந்தார். பனிமலையில் படுக்கிறவனுக்குச் செய்த பைக்குள் ரோஜா அப்போதுதான் பறித்தது மாதிரி இருந்தது. ஒரு மாலையை எடுத்தார். சிதம்பரம் இருக்கும் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அது நடராஜருக்கா தங்கம்மாளுக்கா என்று அவருக்கே நிச்சயமில்லை. கழுத்தில் போட்டுக்கொண்டார். துரை உடனே நான்கு காலையும் ஊன்றி, சிலை மாதிரி அசையாமல் நின்றது. ஏறிக்கொண்டார். மரக்குதிரையில் பழகியவர் என்பதால் விழவில்லை.

அப்புறம் நடந்ததை அந்தச் சாலையில் டீக்கடை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். வெல்வெட் சேணம் போட்ட வெள்ளைக் குதிரை. மேலே நரைத்த பெரிய மீசையோடு ஒருவர். கழுத்தில் ஆளுயர ரோஜா மாலை. தலையில் ஹெல்மெட். பின்னால் ஒரு சொந்தபந்தமும் இல்லை. இந்த வயதில் தனியாகக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார் என்பதைத் தவிர வேறு என்ன நினைக்க முடியும்? சிலர் வாழ்த்தினார்கள். ஒரு பெரியவர் சைக்கிளை விட்டு இறங்கி, எந்தப் புரோக்கர் மூலமாக அமைந்தது என்று விசாரித்தார். வைத்திலிங்கம் கையை எடுத்துக் கும்பிடவும் முடியாமல் பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் மீசையை மட்டும் அசைத்துக்கொண்டு போனார்.

பி.முட்லூரில் அவரை அடையாளம் தெரிந்த ஒருவர் இருந்தார். குதிரை சிதம்பரத்தை நெருங்குவதற்குள் செல்போனில் செய்தி மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தட்சிணாமூர்த்தியின் மனைவி தில்லையம்மாள் மணையில் உட்காரப் போகிற நேரத்தில் அந்தச் செய்தியைக் கேட்டு, முகம் வெளுத்துப் போய் நாத்தனாரைத் தனியாகக் கூப்பிட்டாள். கடலூர்க்காரர் ரெண்டாங் கல்யாணத்துக்கு மாலையும் கழுத்துமாகக் குதிரையில் வருகிறாராம் என்றாள். தங்கம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மாப்பிள்ளைக்கு மீசை இருக்குதாமா?"

"பெரிய மீசையாம்."

"அப்ப அவுருதான்" என்று சொல்லிவிட்டு ஆரத்தி கரைக்கப் போனாள்.

தட்சிணாமூர்த்திக்கு இரண்டாம் கல்யாணத்தைப் பற்றிக் கவலை இல்லை. குதிரை மேல் வருகிறார் என்ற பாதிதான் அவர் காதில் விழுந்தது. மேல் உதட்டைத் துண்டால் மூடிக்கொண்டு, தாலி கட்டுவதைக் கொஞ்சம் சீக்கிரமாக வைத்துக்கொள்ளலாமா என்று ஐயரிடம் கேட்டார். அறுபது வருஷம் பொறுத்தவர் அரை மணி நேரம் பொறுக்கக் கூடாதா என்று ஐயர் அடுத்த மந்திரத்துக்குப் போய்விட்டார்.

மண்டபம் இருந்த தெருவில் துரை நுழைந்தபோது உள்ளே நாகஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் போதும். துரை தலையை நிமிர்த்தி, முன்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஆட ஆரம்பித்தது. மேலே இருந்தவரும் வேறு வழியில்லாமல் ஆடினார். தவில்காரர் வாசலைப் பார்த்துவிட்டு, தன்னை மதித்து ஒரு குதிரை ஆடுகிறதே என்று இன்னும் வேகமாக அடித்தார். மணையில் இருந்த தட்சிணாமூர்த்தி எழுந்து எட்டிப் பார்த்தார். தாலி இன்னும் தேங்காய் மேல்தான் இருந்தது.

தங்கம்மாள் ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வந்தாள். அவளைப் பார்த்ததும் துரை ஆட்டத்தை நிறுத்திப் பணிவாக நின்றது. பெண் வீட்டார் யார், ஆரத்தி யார் கையில் என்பதெல்லாம் அதற்கு அத்துப்படி. வைத்திலிங்கத்துக்குத்தான் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"மாலை எங்க?" என்றாள் தங்கம்மாள்.

"கழுத்துல."

"இது எங்கண்ணனுக்கு வாங்குனது."

"தெரியும். துரை மாலை இல்லாம ஏத்த மாட்டேன்னுட்டான்."

"இன்னொண்ணு?"

"மைனஸ் அஞ்சுல இருக்குது."

அவள் தட்டை இறக்கவில்லை. மண்டபத்து வாசலில் கூடியிருந்த கூட்டம் இன்னும் ஒரு அடி நெருங்கி வந்தது.

"பொண்ணு யாருன்னு வழியெல்லாம் கேட்டாங்களாமே. இன்னா சொன்னீங்க?"

முதலையைப் பற்றி முப்பது வருஷம் பேசிய வாய் அன்றைக்கு உள்ளதையே சொன்னது.

"ஒண்ணும் சொல்லல. ஒன்ன கேட்டுட்டுச் சொல்லலாம்னு வந்தேன்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒத்த மாலைய வச்சிக்கினு ஒங்கண்ணன் இன்னா பண்ணப் போறாரு. மேளம் இருக்குது, ஐயரு இருக்காரு. இன்னொரு மணை போடச் சொல்லேன். ரெண்டு வருஷமா அந்தப் பத்திரிகைங்களுக்குப் பின்னாடிலேர்ந்து நியூஸ் கேட்டுக் கேட்டு எனக்கும் கழுத்து வலிக்குது" என்றார்.

தங்கம்மாள் ஆரத்தியை மூன்று சுற்றுச் சுற்றினாள். விரலைத் தொட்டு அவர் நெற்றியில் வைத்தபோது வழக்கத்தைவிட நன்றாகவே அழுத்தி வைத்தாள். பிறகு துரையின் பக்கவாட்டில் கட்டியிருந்த பையை அவிழ்த்து, அந்த ஜிப்பை எந்தப் பக்கம் இழுப்பது என்று வெண்மதியோடு பஸ்ஸில் வந்திருந்த எழிலனைக் கேட்டாள்.

வைத்திலிங்கத்தை நாலு பேர் சேர்ந்து இறக்கினார்கள். இறக்கிய பிறகும் அவருடைய கால்கள் துரையின் வடிவத்திலேயே இருந்தன. அப்படியே நடத்திக்கொண்டு போய் இரண்டாவது மணையில் உட்கார வைத்தார்கள். தட்சிணாமூர்த்திக்கும் தில்லையம்மாளுக்கும் கோயில் வாசலிலிருந்து புது மாலை வந்தது. வாங்கி வந்தது தங்கை வீட்டு மருமகன் என்பதால் வழக்கமும் கெடவில்லை. தங்கம்மாளுக்குக் கழுத்தில் கிடந்த பழைய தாலிக்கே மஞ்சள் கயிறு ஒன்று சேர்த்துக் கட்டினார்கள். மூன்றாவது முடிச்சை வைத்திலிங்கம் இரண்டு தரம் போட்டார். குதிரை ஆட்டின ஆட்டம் என்று அவர் பிற்பாடு விளக்கம் சொன்னார்.

தட்சிணாமூர்த்தி சொன்ன சொல் மாறாதவர். ஆனால் கல்யாணப் போட்டோவில் மீசை இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். நியாயம்தான் என்று வைத்திலிங்கமும் விட்டுவிட்டார். சாப்பாடு முடிந்ததும் மண்டபத்துப் பின்கட்டில் நாற்காலி போட்டு, வைத்திலிங்கம் கண்ணாடி பிடிக்க, காரியம் முடிந்தது. வெளியே வந்தவரைப் பார்த்து தில்லையம்மாள் முதலில் யாரோ மாப்பிள்ளைத் தோழன் என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தாள். அப்புறம் நன்றாகப் பார்த்துவிட்டு, இனிமேல் இப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். அந்த மீசை அதற்குப் பிறகு வளரவே இல்லை. தோற்றவர் பத்து வயது குறைந்து போனதைப் பார்த்து, ஜெயித்தவர் தன் மீசையை ஒருமுறை சந்தேகமாகத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் ஊர் திரும்பும் வேனில் எழிலன் தன்னுடைய தாளை எடுத்து, இதில் எதெல்லாம் உபயோகப்பட்டது என்று மாமனாரைக் கேட்டான். அந்தோணிசாமி ஆள் அனுப்பித் துரையைக் கூட்டிப் போயிருந்தார். தங்கம்மாள் முன் ஸீட்டில் ரோஜா மாலையைத் தூக்கிப் போட மனசில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு, புதுக் கயிற்றை நெருடிக்கொண்டிருந்தாள். வைத்திலிங்கம் தாளை வாங்கிப் பார்த்தார். ஹெல்மெட், பூட்ஸ், திசைக் கருவி எல்லாவற்றையும் அடித்துவிடச் சொன்னார். மைனஸ் ஐந்தை மட்டும் விட்டு வைக்கச் சொன்னார். அப்புறம் தாளின் தலைமாட்டில் புதிதாக ஒன்று எழுதச் சொல்லி, அவரே வாசகமும் சொன்னார்.

"மாலை. ஜோடியா எடுத்துக்கினு போறது நல்லது."